ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறை

நன்றி சொல்வது அப்படி என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒரு தடவையாவது தங்கள் நாத்தனாருக்கு நன்றி சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். நம் அண்ணி மாதக்கணக்கில் முயன்றுகொண்டிருக்கிறாள்.

அவள் புருஷனான கணக்கு வாத்தியாரின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிரித்ததும், அவருடைய தங்கை தன் பள்ளிக்கூட வேனை ஓரங்கட்டிவிட்டு வந்து தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்ததும், அது அண்ணன் வயிற்றில் சமர்த்தாக உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்ததும் வாராவாரம் கூடவே வருகிறவர்களுக்குத் தெரியும். இன்றைக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கும் இவ்வளவு தெரிந்தால் போதும்.

அந்தத் தங்கையை எல்லோரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் குடும்பத்திலேயே உயரம் அவள்தான். ஆபரேஷனுக்குப் பிறகு உடம்பு தேறும்வரை அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணனின் செருப்புதான் அவள் காலுக்குச் சரியாக இருந்தது.

"குட்டி, நீ செஞ்சதுக்கு..." என்று அண்ணி எப்போது ஆரம்பித்தாலும், "அண்ணி, அடுப்புல பால்" என்பாள் குட்டி. அடுப்பில் பால் இருக்காது.

பிடி கொடுக்காத இந்தப் பேச்சுக்குக் காரணம் தனக்குத் தெரியும் என்று அண்ணி நினைத்தாள். ஆபரேஷனுக்குச் சில நாள் முன்பு, ஆஸ்பத்திரி வராந்தாவில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் அவள் குட்டியைத் தனியாக மடக்கி ஒரு விஷயம் சொன்னாள். "உனக்கு உள்ளுக்குள்ள துளி பயம் இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடு. டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். பொருந்தலைன்னு அவங்களே எல்லார்கிட்டயும் சொல்லிடுவாங்க. உங்க அண்ணனுக்குக்கூடத் தெரியாது. உன் மேல ஒரு சொல் வராம நான் பார்த்துக்கறேன்."

குட்டி பாட்டிலை மூடினாள். அண்ணியை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து கையெழுத்துப் போட்டாள்.

உயிரில் பாதியைத் தூக்கிக் கொடுக்க வந்தவளைப் பார்த்து 'உனக்குப் பயமா' என்று கேட்டுவிட்டோமே என்று அன்றிலிருந்து அண்ணிக்கு உறுத்தல். வாத்தியாரிடமும் சொல்லி ஆற முடியாது. படுக்கையில் கிடக்கிற புருஷனிடம், 'உங்களுக்கு வர வேண்டியது வராமல் போக நானே வழி பண்ணிக் கொடுத்தேன்' என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள்?

இன்றைக்கு மத்தியானப் பஸ்ஸில் குட்டி ஊருக்குக் கிளம்புகிறாள். காலையில் அவளைச் சோதித்த டாக்டரம்மா, "திங்கட்கிழமையிலேர்ந்து வேன் ஓட்டலாம்" என்று சொன்னது எல்லோர் வயிற்றிலும் பால் வார்த்தது. ஆனால் அண்ணிக்கு அது கெடு வைத்த மாதிரியும் இருந்தது. இன்றைக்குள் நன்றியையும் சொல்லி, அந்தத் தண்ணீர்க் குழாய்ப் பேச்சுக்கு மன்னிப்பும் கேட்டாக வேண்டும். விட்டால் அது இருவருக்கும் நடுவில் அப்படியே கெட்டிப்பட்டுவிடும்.

வாத்தியாருக்கு இன்னும் ஸ்கேன் பாக்கி. காத்திருக்கும் நாற்காலியில் விடைத்தாள் கட்டை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தார். இடமும் வலமுமாக இரண்டு பெண்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் இப்படியே பார்த்துட்டிருந்தா எனக்குப் பிரஷர் ஏறி, அதுக்கு ஒரு டெஸ்ட் எழுதிடுவாங்க," என்றார். "எங்கயாவது சுத்திட்டு வாங்க. முடிஞ்சதும் கூப்பிடறேன்."

"உன்னை நம்பி என் சாமானை உள்ள விட்டு வச்சிருக்கேன்," என்றாள் குட்டி. "தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன்டி, தாயே."

வெளியே வந்து தெருமுனை திரும்புவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அண்ணியின் குடை ஒருத்திக்கே போதாது. இரண்டு பேரும் ஓடி ஏறிய முதல் படிக்கட்டு, கடல் அருங்காட்சியகத்தின் படிக்கட்டு. பழைய துறைமுக அலுவலகத்தின் கீழ்த்தளத்தை ஒழித்துச் செய்த சின்ன இடம். வாசலில் ஒரு நங்கூரம் நனைந்துகொண்டிருந்தது.

"உள்ள போக டிக்கெட் வேணுமாம். கடைக்கு மட்டும் வேணாமாம்," என்று பலகையைப் படித்தாள் குட்டி. "அப்போ நாம கடையைத்தான் பார்க்க வந்தோம்."

கடை ஒரு வகுப்பறை அளவுகூட இல்லை. நங்கூரம் தொங்கும் சாவிக்கொத்து, பாட்டிலுக்குள் கப்பல், முடிச்சுப் படம் போட்ட டீ கோப்பை, மீன் வடிவத்தில் சோப்பு, கடற்கொள்ளைக்காரன் ஒற்றைக்கண்ணில் கட்டும் கறுப்புத் துணி, கடலின் சத்தம் கேட்கும் என்று சீட்டு ஒட்டிய சங்கு. குட்டி சங்கைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"என்ன கேட்குது?"

"எங்க வேன் சைலன்ஸர் ஓட்டையானப்போ கேட்ட சத்தம்."

அண்ணிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அதனால் அவள் கை தன்னால் தொலைநோக்கிக்குத்தான் போனது. கண்ணில் வைத்துவிட்டு, "லென்ஸ் பிளாஸ்டிக்," என்று கீழே வைத்தாள். குட்டி ஒரு கைத்திசைகாட்டியை எடுத்து நாலு பக்கமும் திருப்பினாள். அது விடாப்பிடியாகக் கல்லாப் பெட்டியையே காட்டியது.

"வியாபாரம் தெரிஞ்ச திசைகாட்டி," என்றாள் குட்டி. பக்கத்திலிருந்த சின்ன நங்கூரத்தைத் தூக்கப் போனாள்.

"அதைத் தூக்காதே."

"பேப்பர் வெயிட்டு அண்ணி."

"இரும்பு இரும்புதான். வை."

குட்டி வைத்தாள். கப்பல் தலைவர் தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். சிரிப்பு வந்தபோது இடதுகை தானாகப் போய் விலாவைப் பிடித்துக்கொண்டது. தையல் ஆறிப் பல நாளாகியும் அந்தக் கை இன்னும் பழக்கத்தை விடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணிக்கு, இந்தப் பெண் சிரிப்பதற்குக்கூட ஒரு கை கொடுக்க வேண்டியிருக்கிறதே, எல்லாம் நம் வீட்டுக்காக அல்லவா என்று இருக்கும்.

"குட்டி, நீ செஞ்சதுக்கு..."

"அண்ணி, அந்த அம்மா கண்ணாடியைப் பாருங்க. விழுந்துடப் போகுது."

இந்தத் தடவை பால் இல்லை, நிஜமாகவே கண்ணாடி. கல்லாவில் இருந்த கடைக்காரம்மாவின் கண்ணாடி ஒரு காதில் ஏறி மறு காதில் இறங்கி, குனிந்த போதெல்லாம் நழுவிக்கொண்டிருந்தது. கோணலான கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அண்ணியால் முடியாது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னத் திருப்புளியை எடுத்தாள்.

"கழட்டிக் குடுங்கம்மா. ஒரு நிமிஷம்."

திருகை இறுக்கி, காம்பை விரலால் வளைத்து, மூக்குத் தாங்கிகளைச் சரிசெய்து அவளே மாட்டிவிட்டாள். கடைக்காரம்மா தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். கண்ணாடி அசையவில்லை.

"ரொம்ப நன்றிம்மா. எத்தனை நாளா இதோட மல்லுக்கட்டறேன்."

"ஐயே, இதுல என்ன இருக்கு," என்று அண்ணி அவசரமாகத் திருப்புளியைப் பையில் போட்டாள்.

குட்டி தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணியையே ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்கும் வாங்கிக்கத் தெரியலை பாருங்க," என்றாள். அண்ணிக்கு அது அப்போது விளங்கவில்லை.

கல்லாவுக்குப் பக்கத்தில் பிரம்புக் கூடை ஒன்றில் கம்பளிக் காலுறைகள் அடுக்கியிருந்தன. சாம்பல் நிறம், மேல் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. கப்பல் கடையில் இதற்கு என்ன வேலை என்று அண்ணி ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

"அது இந்தத் துறைமுகத்துப் பழக்கம்," என்றாள் கடைக்காரம்மா. கண்ணாடி நேரானதில் அவளுக்குப் பேச்சும் உற்சாகமாக வந்தது. "அந்தக் காலத்துல கப்பல் ஏதாவது பாறையில மோதிச்சுன்னா, இங்கேருந்து மீட்புப் படகு போகும். எல்லாம் ஊர்க்காரங்கதான். துடுப்புப் போட்டே போவாங்க. கரையேறினவங்க அவங்களுக்கு வாயால நன்றி சொல்லக் கூடாது. சொன்னா முகத்தைத் திருப்பிட்டுப் போயிடுவாங்களாம்."

"ஏன், அவ்வளவு ராங்கியா?" என்று கேட்டாள் குட்டி.

"ராங்கி இல்லை. 'பெரிய காரியம் பண்ணே, பெரிய காரியம் பண்ணே'ன்னு சொல்லிச் சொல்லி, அது பெரிய காரியம்னு அவன் மனசுல பதிஞ்சிட்டா, அடுத்த தடவை படகுல கால் வைக்கிறப்போ யோசிப்பானாம். யோசிச்சா போக முடியாதே. அதனால பேச்சு கிடையாது. கரையேறினவங்க ஒரு ஜோடி காலுறை வாங்கி, பேரு சொல்லாம அவன் வீட்டுல வச்சிட்டு வந்துடுவாங்க. படகுல போறவனுக்கு முதல்ல நனையறது கால்தானே."

மழை ஜன்னலில் சடசடவென்று அடித்தது.

"சாக்ஸ் விக்கிறதுக்கு நல்லாத்தான் கதை வச்சிருக்கீங்க," என்றாள் குட்டி. ஆனால் குரலில் கேலி போதவில்லை.

அண்ணிக்கோ உள்ளே விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இத்தனை நாள் வார்த்தையைத் தேடி அலைந்தது தப்பு. வார்த்தையே வேண்டாம். ஒரு ஜோடி வாங்கி, குட்டியின் பையில் அவளுக்குத் தெரியாமல் வைத்துவிட்டால் போதும். ஊரில் போய்ப் பிரிப்பாள், புரிந்துகொள்வாள். குழாயடிப் பேச்சையும் அதிலேயே மன்னித்துவிடுவாள்.

அந்த நேரம் பார்த்து வாத்தியாரிடமிருந்து போன். உள்ளே சரியாகக் கேட்கவில்லை. அண்ணி வாசலுக்குப் போய் நங்கூரத்தின் பக்கத்தில் நின்று பேசினாள். ஸ்கேன் முடிந்துவிட்டதாம், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம், சிவப்புப் பேனா தீர்ந்துவிட்டதாம். மூன்றையும் அவர் ஒரே குரலில் சொன்னார். அண்ணி நடுவில் இருந்ததை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது குட்டி சங்குகளுக்குப் பக்கத்தில் பரமசாதுவாக நின்றிருந்தாள்.

"உங்க அண்ணனுக்கு எல்லாம் நல்லா இருக்காம்."

"என் சாமானாச்சே," என்றாள் குட்டி. சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மழை விட்ட மாதிரி இருக்கு. நீ முன்னாடி போய்ப் பாரேன்," என்று அவளை அனுப்பிவிட்டு அண்ணி கூடைக்குப் பாய்ந்தாள். கடைக்காரம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "இதுல பெரிய அளவு ஒண்ணு குடுங்க. ஆம்பளை கால் அளவு இருக்கணும்," என்றாள்.

"பெரிசு தீர்ந்துடுச்சேம்மா. அடுத்த மாசம்தான் வரும். சின்ன அளவுதான் இருக்கு. அதுலயும் ஒண்ணு இப்பதான் போச்சு." கடைக்காரம்மா ஏனோ உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள்.

அண்ணி கூடையைத் தலைகீழாகக் கொட்டாத குறை. எல்லாம் தன் காலுக்கு ஆகிற அளவு. குட்டியின் குதிகால்கூட நுழையாது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. சொல்லத்தான் தெரியவில்லை என்றால், சொல்லாமல் கொடுக்கவும் கொடுத்துவைக்கவில்லை.

வெறுங்கையோடு போக மனமில்லாமல், கயிறு கட்டிய சின்னப் பித்தளை மணி ஒன்றை வாங்கினாள். வாசலில் அதைக் கொடுத்ததும் குட்டி சின்னப் பிள்ளை மாதிரி ஆட்டிப் பார்த்தாள்.

"வேன்ல ஸ்டியரிங் பக்கத்துல கட்டப் போறேன். பின்னாடி பசங்க சண்டை போட்டா இதை அடிப்பேன். ஹாரன் அடிச்சு அடிச்சு எனக்கே அலுத்துப்போச்சு."

அவள் சந்தோஷம் நிஜம்தான். ஆனால் அண்ணி கொடுக்க நினைத்தது அது இல்லையே.

பஸ் நிலையத்துக்கு வாத்தியாரும் வந்தார். அண்ணனும் தங்கையும் பிரிவது பார்க்க வேடிக்கையாக இருந்தது. "உப்பைக் குறை. தண்ணியைக் குறைக்காதே. மாத்திரை நேரத்துக்குப் போடு. என்னோடதுக்கு ஏதாவது ஆச்சு, வேனை எடுத்துட்டு வந்து ஏத்திடுவேன்," என்றாள் குட்டி. "சரிங்க டீச்சர்," என்றார் வாத்தியார். பிறகு அவள் தலையில் கையை வைத்து, அதை எடுக்காமல் நின்றார். அவளும் தலையைக் குனிந்து கொடுத்துக்கொண்டே நின்றாள். ஓட்டுநர் என்ஜினைக் கிளப்பியதும்தான் கையை எடுத்தார்.

பையை ஏற்றிவிடும் சாக்கில் அண்ணி கூடவே படி வரை போனாள். "குட்டி, அன்னிக்குத் தண்ணி பிடிக்கிற இடத்துல நான் சொன்னது..."

"அண்ணி, பஸ் கிளம்புது. இறங்குங்க."

இது நிஜமாகவே கிளம்பியது. ஜன்னல் வழியாகப் பித்தளை மணியின் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் வாத்தியார் கேட்டதற்கெல்லாம் அண்ணி ஏனோதானோவென்று பதில் சொன்னாள். கடையைப் பற்றிக் கேட்டபோது மட்டும் காலுறைக் கதையை முழுசாகச் சொன்னாள். அவர், "அர்த்தத்தோடதான் வச்சிருக்காங்க," என்று தலையாட்டினார்.

ஈரக்குடையை எடுக்கக் கைப்பையைப் படுக்கையில் கவிழ்த்தபோதுதான் அது விழுந்தது. சாம்பல் நிறம், சிவப்புக் கோடு, காகிதப் பட்டி பிரிக்காமல்.

குட்டிக்கு மறதி ஜாஸ்தி. அண்ணி உடனே போனைப் போட்டாள்.

"நீ வாங்கின சாக்ஸை என் பையில விட்டுட்டுப் போயிட்டே பாரு."

பஸ்ஸின் உறுமலுக்கு நடுவே குட்டியின் குரல் வந்தது. "விடலை அண்ணி. வச்சேன்."

அண்ணி காகிதப் பட்டியைப் பார்த்தாள். சின்ன அளவு.

"எனக்கா? நான் எந்தக் கடல்ல இறங்கினேன்?"

"அன்னிக்குத் தண்ணி பிடிக்கிற இடத்துல சொன்னீங்களே."

அண்ணி படுக்கை விளிம்பில் உட்கார்ந்தாள். "அது தப்பு குட்டி. உன்னைப் போய் பயந்தவளா நினைச்சு..."

"நான் பயந்துதான் போயிருந்தேன். யாருக்குத் தெரியும்? நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே அம்மா என் கையைப் பிடிச்சு அழுது, பெரியப்பா ஆசீர்வாதம் பண்ணி, சொந்தக்காரங்க எல்லாம் எனக்கு நன்றி சொல்லி முடிச்சிட்டாங்க. எங்க வீட்டுக்காரர் 'உன் இஷ்டம்'னுட்டுச் சுவத்தைப் பார்த்துப் படுத்துக்கிட்டார். அதுக்கப்புறம் மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? மூச்சு முட்டிச்சு அண்ணி. நீங்க ஒருத்திதான் வந்து கதவைத் திறந்துவிட்டீங்க. அதுவும் யாரு? என்னைவிட்டா அண்ணனுக்கு வேற வழியில்லைன்னு தெரிஞ்ச நீங்க."

அண்ணி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அன்னிக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன். காலையில எழுந்தப்போ பயம் இருந்த இடத்துல ஒண்ணுமே இல்லை. யாரும் என்னைத் தள்ளலை, நானாத்தான் படகுல ஏறினேன். அந்த நிம்மதி இல்லேன்னா, கொடுத்துட்டு ஆயுசுக்கும் எங்க அண்ணன் மேல கடுகடுன்னு இருந்திருப்பேன். நீங்க நன்றின்னு ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும். நான் சொல்ல வேண்டியதை நீங்க சொல்ல வந்துடறீங்களேன்னு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, குட்டி."

"சொல்ல வாயெடுத்தா அழுகைதான் வருது. இப்பகூடப் பக்கத்து சீட்டு அம்மா என்னையே பார்க்கறாங்க. வச்சிடறேன் அண்ணி. அடுப்புல பால்."

ஓடுகிற பஸ்ஸில் எந்த அடுப்பு? அண்ணி சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். இவ்வளவு நாள் நெஞ்சில் முள்ளென்று நினைத்துச் சுமந்தது, அந்தப் பெண்ணுக்கு மருந்தாக இருந்திருக்கிறது. இப்படி ஒரு நாத்தனார் வாய்க்கக் கொடுத்துவைத்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று நினைத்தபடியே பட்டியைப் பிரித்து ஒரு காலுறையைக் காலில் ஏற்றினாள். கதகதப்பாக, அளவெடுத்த மாதிரி இருந்தது.

நிமிர்ந்தபோது கதவருகே வாத்தியார் நின்றிருந்தார். ஒரு கையில் விடைத்தாள் கட்டு, இன்னொரு கையில் மாத்திரை போடத் தண்ணீர். போனில் அவள் 'எனக்கா?' என்று கேட்டது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்; பார்வை அவள் காலில் இருந்தது.

"கரையேத்தினவங்களுக்குத்தான் இதைக் கொடுப்பாங்கன்னு சொன்னே."

"ம்."

"குட்டி எனக்குக் கொடுத்தா, அதனால நீ அவளுக்குக் கொடுக்கணும். அது சரி. இது அவ உனக்குக் கொடுத்திருக்கா." இருபக்கமும் சமமாக வராத கணக்கைப் பார்ப்பதுபோல் நெற்றியைச் சுருக்கினார். "நடுவுல ஒரு வரியைக் காணோமே. அவளை நீ எதுலேர்ந்து கரையேத்தினே?"

மாணவர்கள் விட்ட வரியைக் கண்டுபிடித்தே தலை நரைத்த மனிதர். மழுப்பினால் விடமாட்டார். சொன்னால், அவர் உயிரைப் பணயம் வைத்துப் பெண்டாட்டி ஒரு கதவைத் திறந்தாள் என்பது அவருக்குத் தெரிந்துபோகும். குட்டிக்கு அது மருந்து. இவருக்கு என்னவாக இருக்கும்?

அண்ணி இரண்டாவது காலுறையையும் எடுத்து நிதானமாகப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல அந்த மாத்திரையைப் போடுங்க," என்றாள். "போட்டுட்டு இப்படி வந்து உட்காருங்க. சொல்றேன்."